மூணு ரிங் அடித்தால் பஸ் இல்லை

என் அக்காவுக்கு வேலையைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்பதை ஒரு பெரிய மேனேஜ்மெண்ட் காலேஜ் போன வருஷம் கண்டுபிடித்தது. நான் பேசப் பழகின நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற விஷயம்தான். நான் சொன்னால் செருப்பு பறக்கும். காலேஜ் சொன்னதால் அழுதாள்.

அக்கா வல்லம் வடகாலில், காருக்குள் ஓடுகிற ஒயர்களை எல்லாம் கட்டாகக் கட்டித் தருகிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர். நான் அதே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அவள் பி.இ. நான் டிப்ளமோ, இரண்டாவது வருஷம் வரைக்கும். அதற்குமேல் காலேஜும் என்னைத் தேடவில்லை, நானும் காலேஜைத் தேடவில்லை.

எம்.பி.ஏ. படிக்க ஒரு பரீட்சை உண்டு. ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிடும்போதுகூட ஒரு கையில் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்து, அதில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். அந்த மார்க்குக்கு ஆயுசு உண்டு, பால் பாக்கெட் மாதிரி. இந்த வருஷத்தோடு செல்லாது. இன்னொரு தடவை உட்கார்ந்து படிக்கத் தெம்பு இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள். ஆக, இந்தத் தடவை சீட்டு கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் அதோடு முடிந்தது.

மார்க்கில் குறை இல்லை. குறை கட்டுரையில். வேலைக்கும் படிப்புக்கும் வெளியே நீங்கள் செய்கிற ஒரு காரியம் என்ன, அதில் உங்கள் பங்கு என்ன, அதனால் யாருக்கு என்ன மாறியது என்று கேட்கிறார்கள். போன வருஷம் அக்கா மரம் நடுவது, புத்தகம் வாசிப்பது, பாட்டு கேட்பது என்று எழுதி அனுப்பினாள். இண்டர்வியூவுக்கே கூப்பிடவில்லை.

இந்த வருஷம் சென்னையில் ஒரு சாரைப் பிடித்தாள். கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பதே அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் போனில் பேசுவார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் அக்கா பேசுவாள், அதனால் எனக்கும் பாதிப் படிப்பு ஆனது.

"மரம் எல்லாரும்தான் நடுறாங்கம்மா. அப்ளிகேஷன்ல எழுதுன மரமெல்லாம் நெஜமாவே நட்டிருந்தா, நாம ரோட்டுல நெழல்லயே நடந்து போலாம். நீங்க நெஜமா செய்யிறது ஒண்ணு சொல்லுங்க. வேலைக்கு வெளிய."

அக்கா யோசித்துச் சொல்வதாகச் சொல்லி போனை வைத்தாள். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"வெளிய நான் இன்னாடா பண்றேன்?" என்று என்னிடமே கேட்டாள். என்னிடம் கேட்கிறாள் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"தூங்குற. அதுல உன்ன அடிச்சிக்க ஆளே இல்ல."

"வெளையாடாதடா."

"கோயில் உற்சவத்துக்குப் போனல்ல. தேர் வந்தப்போ முன்னாடி நின்ன."

"நின்னதெல்லாம் ஒரு காரியமாடா?"

"எல்லாரும் பின்னாடி நின்னாங்க, நீ முன்னாடி நின்ன. அதுக்குப் பேரு லீடர்ஷிப்."

தலையணை வந்தது. குனிந்துகொண்டேன். ஆனால் அவள் கேட்ட கேள்வி எனக்கும் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் பக்கத்தில் வேலைக்கு வெளியே என்று என்னதான் இருக்கிறது? காலையில் ரோட்டைப் பார்த்தால் கம்பெனி பஸ். டீக்கடையில் பேச்சு ஓ.டி. பற்றி. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை அறிமுகப்படுத்தும்போதே எந்தக் கம்பெனி, பர்மனென்டா கான்ட்ராக்டா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். வெளியே என்கிற இடம் எந்த ஸ்டாப்பில் இறங்கினால் வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை, அக்கா தலை பின்னிக்கொண்டிருந்தபோது மேஜைமேல் இருந்த அவள் போன் ஒரே ஒரு தரம் அடித்து நின்றது. அவள் போனைப் பார்க்கக்கூட இல்லை. பின்னலை அவசரமாக முடித்து, பையைத் தூக்கிக்கொண்டு, போகிற போக்கில் யாருக்கோ ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள்.

"யக்கா, இத்த எழுது," என்றேன். "ஊருக்கே சேவல் நாந்தான்னு எழுது."

வாசலில் நின்றுவிட்டாள். திரும்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். தலையணைக்குத் தூரம் அதிகம் என்று நானும் தைரியமாக நின்றேன்.

அந்த ஒற்றை ரிங்கின் கதை இதுதான். அக்கா கம்பெனியில் லைனில் நின்று ஒயர் கட்டுவது முக்கால்வாசி பெண்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து அக்காவோடு ஒரே பஸ்ஸில் போகிறார்கள். ஒரு மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் ரோட்டுக்கு வந்து, பஸ் வேறு வழியில் சுற்றிப் போனது. யாருக்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பெண்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். பாதி லைன் காலி. மறுநாள் சூப்பர்வைசர் அத்தனை பேரையும் நிற்க வைத்துத் திட்டினார். அதற்குப் பிறகு அக்கா ஒரு ஏற்பாடு செய்தாள். முதல் ஸ்டாப்பில் ஏறுகிறவள் அடுத்த ஸ்டாப்புக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், அது வந்தவள் கிளம்பிக்கொண்டே அதற்கடுத்த ஸ்டாப்புக்குக் கொடுக்க வேண்டும். ஒரு ரிங் என்றால் பஸ் வருகிறது. இரண்டு என்றால் வேறு பஸ், கம்பெனி போர்டு இருக்காது, ஆனாலும் ஏறிக்கொள். மூன்று என்றால் பஸ் இல்லை, மெயின் ரோட்டுக்குப் போய் ஷேர் ஆட்டோ பிடி. பஸ் இல்லை என்கிற சேதி கம்பெனியிலிருந்து அக்காவுக்குத்தான் முதலில் வரும். அவள் முதல் ஸ்டாப்புக்கு அடிப்பாள், அங்கிருந்து அப்படியே ஸ்டாப் ஸ்டாப்பாகப் போகும். கடைசி ஸ்டாப் பெண் அக்காவுக்கே திருப்பி ஒரு ரிங் கொடுத்தால் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ரிங் திரும்பி வரவில்லையென்றால், எந்த ஸ்டாப்பில் நின்றுபோனது என்று அக்கா தேடிக் கண்டுபிடிப்பாள்.

வாட்ஸப் குரூப்பும் ஒன்று இருந்தது. அதில் தினமும் காலையில் ரோஜாப்பூவும் சாமி படமுமாக வந்து விழுந்து, பஸ் சேதி அடியில் போய்விடும். மிஸ்டு காலில் ரோஜாப்பூ அனுப்ப முடியாது.

சென்னை சாரிடம் அக்கா இதைச் சொன்னாள். அவர் குரலே மாறிவிட்டது.

"கம்பெனி செய்யச் சொல்லுச்சா?"

"இல்ல சார்."

"இதுக்கு ஏதாவது சம்பளம்?"

"இல்ல சார்."

"இத வச்சிக்கினு போன வருஷம் மரம் நட்டேன்னு எழுதினீங்களாம்மா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "சார், ஒரு டவுட்டு," என்றேன். "வேலைக்குப் போறதுக்குத்தான் பஸ்ஸு. பஸ்ஸுக்குத்தான் ரிங்கு. அப்போ இது வேலைக்கு உள்ளயா, வெளியயா?"

"உங்க தம்பிய கொஞ்சம் கடைக்கு அனுப்புங்கம்மா," என்றார்.

கட்டுரை தயாரானது. அக்கா எனக்கு வாசித்துக் காட்டி, தமிழில் அர்த்தமும் சொன்னாள். சமூகம் சார்ந்த போக்குவரத்து ஒருங்கிணைப்பு, பெண் தொழிலாளர் நலன், எளிய தொழில்நுட்பம் என்றெல்லாம் வந்தது.

"நல்லா கீது. யாரு பண்ணது இதெல்லாம்?"

"நான்தான்டா."

"நீயா? காலைல மிஸ்டு கால் வுடுற அந்தப் பொண்ணு நல்ல பொண்ணாச்சே. அத்தப் பத்தி ஒரு வரிகூட காணோம்."

இந்தத் தடவை அவள் எதையும் எறியவில்லை. கட்டுரையை எடுத்துக்கொண்டு போய் ராத்திரி சாப்பாட்டுக்குள் பாதியைத் திருத்தினாள்.

கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. இந்தக் காரியத்தை அறிந்த இரண்டு பேருடைய போன் நம்பர் வேண்டும், காலேஜிலிருந்து கூப்பிட்டு விசாரிப்பார்கள். என் அக்கா, முதல் ஸ்டாப்பில் ஏறுகிற அக்காவின் நம்பரையும் கடைசி ஸ்டாப் பெண்ணின் நம்பரையும் கொடுத்தாள்.

முதல் ஸ்டாப் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு யாருக்கு என்பதை முடிவு செய்வது அவர்தான். டிரைவர் ஹாரன் அடிப்பதற்கும் அவர் முகத்தைப் பார்த்துக்கொள்வார். என் அக்காவை பஸ்ஸில் பாப்பா என்பார், லைனில் மேடம் என்பார். ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை.

பஸ்ஸில் வைத்து இரண்டு பேரிடமும் அக்கா சொன்னாள்: "ஒரு போன் வரும். என்னப் பத்தி, நம்ம மிஸ்டு காலப் பத்தி கேப்பாங்க. பயப்படாதீங்க. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

இதில் என்ன தப்பு என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை. என்னிடம் முன்னாலேயே சொல்லியிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

கார் கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்குச் சில தடவை ஆடிட்டுக்கு வருவார்கள். லைனில் நிற்கிற யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். அதற்கு முந்தின வாரம், ஒவ்வொரு லைனாகப் போய்ப் பதில் சொல்லிக்கொடுப்பது என் அக்கா. பயப்படாதீங்க, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க என்றுதான் அவள் ஆரம்பிப்பாள். பிறகு பதில்கள். ஷூ, கண்ணாடி போட்டுக்கினுதான் வேலை செய்யிறோம் சார். ட்ரெய்னிங் குடுத்தாங்க சார். வேலை நேரம் தவிர யாரும் எங்களுக்கு போன் பண்றதில்ல சார். இந்தக் கடைசிப் பதில் ரொம்ப முக்கியம். லீவில் வீட்டிலிருக்கிறவர்களைப் போன் போட்டு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால் பெரிய வம்பாகிவிடும்.

என் குடோனிலும் இதே கூத்துதான். ஒரு தடவை ஒரு ஆடிட்டர் என்னிடம் எல்லாம் வசதியாக இருக்கிறதா என்று கேட்டார். நான் ஃபேன் ஓடாததில் ஆரம்பித்து சாம்பார் வரைக்கும் போனேன். அதிலிருந்து ஆடிட் நாளில் எனக்கு லீவு.

காலேஜிலிருந்து போன் ஒரு நாள் மத்தியானம் கேண்டீனில் சாப்பிடும்போது வந்தது. யாரோ ஒரு அம்மா, நல்ல தமிழில் பேசினாராம். நடந்ததை முதல் ஸ்டாப் அக்காவே அன்று சாயங்காலம் பஸ்ஸில் நடித்துக் காட்டியிருக்கிறார்.

"விடியக்காலைல உங்களுக்கெல்லாம் மிஸ்டு கால் குடுக்குற ஏற்பாடு ஒண்ணு இருக்காமேன்னு கேக்குது பாப்பா. நான் வுடுவனா? அப்டிலாம் ஒண்ணும் இல்லீங்க மேடம்னேன். உங்க இன்ஜினியர் மேடம் போன் பண்ணுவாங்களான்னுச்சி. வேல நேரம் தவிர எங்களுக்கு யாரும் போன் பண்றதில்லீங்க, பஸ்ஸு கரெக்டா வரும், ஒரு கொறையும் இல்லன்னேன். சுத்தி சுத்திக் கேட்டுச்சி. ஒரு வார்த்த வாங்க முடியல என் கையில."

கடைசி ஸ்டாப் பெண்ணும் அப்படியே சொல்லியிருக்கிறாள். கூடவே, ஷூ போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அக்கா இதைச் சொன்னபோது நான் தரையில் உருண்டு சிரித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தேன்.

"போய்ச் சொல்லேன், அது ஆடிட்டு இல்ல, காலேஜுன்னு."

"இன்னான்னுடா சொல்லுவேன்? தப்பா சொல்லிட்டீங்கன்னா? நான் சொல்லிக்குடுத்ததத்தான சொன்னாங்க."

கொஞ்ச நாளில் மெயில் வந்தது. இண்டர்வியூ உண்டு. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட காரியத்தை நீங்கள் கொடுத்த இரண்டு பேருமே உறுதி செய்யவில்லை, அதைப் பற்றி உங்களிடம் கேட்போம் என்று ஒரு வரி. நிஜமாகச் செய்ததை எழுதினால் பொய் என்கிறார்கள். நடாத மரத்தை எழுதியிருந்தால் ஒருத்தரும் போன் போட்டு மரத்தை விசாரித்திருக்க மாட்டார்கள்.

இண்டர்வியூ ஒரு சனிக்கிழமை மத்தியானம், லேப்டாப்பில். அன்று கம்பெனிக்கு லீவு. எங்கள் வீட்டில் நல்ல சுண்ணாம்பு இருந்த ஒரே சுவருக்கு முன்னால் அக்கா உட்கார்ந்தாள். தன் போனை என் கையில் கொடுத்து, "சமையல் ரூம்ல போய் ஒக்காரு. மூச்சு வுடுற சத்தம்கூட கேக்கக் கூடாது," என்றாள்.

கதவோரம் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் மூன்று பேர். எல்லாம் இங்கிலீஷ். எனக்குப் பிடிபட்டவரைக்கும் முதலில் நன்றாகத்தான் போனது. பிறகு அந்த விஷயம் வந்தது. ஒரு ஆம்பளைக் குரல் மிஸ்டு கால் என்றது, நோ என்றது, போத் என்றது. அக்காவுக்கு வார்த்தை சிக்கினால் ஆக்சுவலி என்பாள். இப்போது வாயைத் திறக்கும்போதெல்லாம் ஆக்சுவலி. இன்னொரு ஆக்சுவலிக்குப் பிறகு குரலே வரவில்லை. எனக்குத் தெரிந்த என் அக்கா ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்லுகிறவள்.

அப்போது நான் செய்ததற்கு எந்த யோசனையும் காரணம் இல்லை. போன் கையில் இருந்தது. முதல் ஸ்டாப் அக்காவுக்கு அடித்தேன், கட் செய்தேன். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. மூன்று ஏன் என்று இப்போது கேட்டாலும் தெரியாது. ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கடைசி ஸ்டாப் பெண்ணின் ரிங் வந்து நின்றது. லீவு நாளில், மத்தியானத்தில், அத்தனை ஊரையும் சுற்றிக்கொண்டு அது திரும்பி வந்துவிட்டது. பின்னாலேயே போன் நடுங்க ஆரம்பித்தது. ஒருத்தி விட்டால் இன்னொருத்தி. எல்லாரும் ஷிப்ட் உண்டா இல்லையா என்று கேட்கத்தான் அடிக்கிறார்கள். நான் எழுந்து போய், துள்ளுகிற அந்தப் போனை அக்கா முன்னால் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். கேமராவில் என் கை மட்டும் தெரிந்திருக்கும்.

அந்த மூன்று பேரில் ஒருவர் இது என்ன சத்தம் என்று கேட்டார். அக்கா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இல்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. பிறகு அவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அதில் ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க," என்றார்.

அக்கா போட்டாள்.

"பாப்பா, இன்னா இது, லீவு நாள்ல மூணு ரிங்கு?" முதல் ஸ்டாப் அக்காவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "யூனிபாரம் மாட்டிக்கினு மெயின் ரோட்டுக்கு வந்துட்டேன். ஆட்டோக்காரன் வேற நின்னுக்கினு கீறான். ஷிப்டு கீதா இல்லியா?"

"அக்கா, இங்க காலேஜ் சாருங்க கேட்டுக்கினு இருக்காங்க."

ஆட்டோ உறுமுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு அவர் குரல், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி, வேறாக வந்தது.

"வணக்கம் சார். லீவு நாள்ல எங்களுக்கு யாரும் போன் பண்றதில்ல சார்."

"இப்ப பண்ணாங்களேம்மா," என்றார் அந்தத் தமிழ் சார்.

"யாரும் பண்ணல சார். நானாத்தான் வந்தேன் ரோட்டுக்கு."

"யூனிபாரம் போட்டுக்கிட்டா?"

"காத்து வாங்கலாம்னு வந்தேன் சார்."

அவர் சிரித்த சிரிப்பில் லேப்டாப் கரகரத்தது. மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். நானும் சமையல் ரூமில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

சிரிப்பு அடங்கினதும் ஒரு பெண் குரல் கேட்டது. அதுவரை பேசாமல் இருந்தவர் போலிருக்கிறது. சின்னக் கேள்வி, எனக்கே புரிந்தது. அந்த அம்மாவுக்கு இப்படிச் சொல்ல யார் கற்றுக்கொடுத்தது?

அக்கா ஆக்சுவலி என்று சொல்லவில்லை. "நான்தான்" என்பதை இங்கிலீஷில் சொன்னாள். பிறகு நிறைய பேசினாள். ஆடிட், கஸ்டமர், ட்ரூ, நாட் ட்ரூ என்று அங்கங்கே பிடிபட்டது. அந்தப் பெண் குரல் இன்னொன்று கேட்டது. அக்கா ஐ டோண்ட் நோ என்றாள். அவ்வளவுதான். தேங்க் யூ, தேங்க் யூ, லேப்டாப் மூடுகிற சத்தம்.

"அறிவு இருக்காடா உனக்கு?"

"டிப்ளமோ ரெண்டாவது வருஷம் வரைக்கும் இருந்துச்சி."

சிரிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"கடைசில இன்னா கேட்டாங்க?"

"ஆடிட்டுல நீங்க சொல்லிக்குடுக்குற பதிலெல்லாம் நெஜமான்னாங்க. பாதி நெஜம்னேன். எந்தப் பாதின்னாங்க."

"எந்தப் பாதி?"

"தெரியலன்னேன்டா. நெஜமாவே தெரியல."

எனக்கும் தெரியவில்லை. லீவு நாளில் போன் பண்ணுவதில்லை என்று லைன் லைனாகச் சொல்லிக்கொடுக்கிறவளும் இவள்தான். அவர்கள் மழையில் நிற்கக் கூடாது என்று ரிங் அடிக்கிறவளும் இவள்தான். எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்று யோசித்ததில் எனக்குத் தலை வலித்தது.

என் பைக்கில் மெயின் ரோட்டுக்குப் போனோம். போகிற வழியில் அக்கா மற்றவர்களுக்கெல்லாம் போன் போட்டு, ஷிப்ட் இல்லை, தப்பாகப் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் ஸ்டாப் அக்கா ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு, யூனிபாரத்தோடு இளநீர் குடித்துக்கொண்டு நின்றார். திட்டு வாங்கத் தயாராகத்தான் நான் போனேன். அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

"நல்லா சொன்னனா பாப்பா?"

"ரொம்ப நல்லா சொன்னீங்கக்கா," என்றாள் அக்கா. பின்னால் உட்கார்ந்திருந்ததால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

மாசம் ஒன்று போயிருக்கும், சீட்டு கிடைத்துவிட்டதாக மெயில் வந்தது. அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எதற்காகக் கொடுத்தார்கள் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. ரிங்குக்காகவா, காத்து வாங்க வந்ததற்காகவா, தெரியாது என்று சொன்னதற்காகவா? சென்னை சாரைக் கேட்டாள். கட்டுரைக்குத்தான் என்றார் அவர். வேறு என்ன சொல்லுவார்?

மறுநாள் காலை நான்தான் அவளை ஸ்டாப்பில் இறக்கிவிட்டேன். பஸ் வருவதற்கு முன்னாலேயே முதல் ஸ்டாப் அக்காவின் குரல் ஜன்னல் வழியாக வந்துவிட்டது. பாப்பாவுக்கு சீட்டு வாங்கிக் கொடுத்தது தான் சொன்ன பதில்தான் என்று பஸ் முழுக்க அறிவித்துக்கொண்டு வந்தார். யார் கண்டது, அதுவாகவும் இருக்கலாம்.

அக்கா ஏறினாள். அவளுக்கு ஜன்னல் சீட்டு கொடுத்தார்கள்.

"நீ போய்ட்டா அடுத்த ஆடிட்டுக்கு எங்களுக்கு யாரு சொல்லிக்குடுப்பா?" என்று கேட்டார் முதல் ஸ்டாப் அக்கா.

"யாரும் வேணாங்கா. இருக்கறத அப்டியே சொல்லுங்க."

"எதப் பாப்பா?"

டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். ஜன்னலில் அக்காவின் வாய் அசைந்தது தெரிந்தது. என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை. சாயங்காலம் வந்ததும் கேட்டேன்.

"போடா," என்றாள்.